காதைத் திறக்கும் மூச்சு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் வட்டத்தைச் சேர்ந்தது நைனார்பாளையம். சமவெளியிலுள்ள இவ்வூரிலிருந்து புறப்பட்டுக் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தில் செல்பவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. வளைவுகளில் வண்டி ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ 'பட்' என்ற ஒலியுடன் அடைப்பு விலகும். சிறிது தூரம் சென்றதும் மறுபடியும் அடைக்கும்.

பெரும்பாலோர்க்கு இது சில வினாடித் தொல்லை. ஆனால் சிலருக்கு, குறிப்பாகச் சளி பிடித்திருக்கும்போது, அடைப்பு விலகுவதில்லை. மலையிறங்கி வீடு சேர்ந்த பின்னும் காது கனக்கும். தம் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். நாள் செல்லச் செல்லக் காதுக்குள் நீர் கட்டிக்கொள்வதும் உண்டு. மலையேறாதவர்களுக்கும், வெறும் ஜலதோஷத்திற்குப் பிறகு, இந்நிலை வரலாம்.

இதற்கு நம்மவர் பலர் முதலில் நாடுவது காய்ச்சிய எண்ணெய். காதில் தானே அடைப்பு, காதில் தானே மருந்து விடவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அடைப்பின் திறவுகோல் காதுத் துளையில் இல்லை. மூக்கின் பின்புறத்தில் இருக்கிறது. இந்த ஓர் உண்மையைக் கண்டுபிடித்து, அதைக் கத்தியின்றிப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள, மருத்துவ உலகிற்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

மூடிய சிறு அறை

காதுத் துளையின் முடிவில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு அப்பால் உள்ள சிறு அறையே நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று சிற்றெலும்புகள் இவ்வறையில் தொங்குகின்றன. செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்கு எடுத்துச் செல்வது இவற்றின் வேலை.

செவிப்பறை தாராளமாக அதிர வேண்டுமானால், அதன் இருபுறமும் காற்றின் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். வெளிப்புறம் வளிமண்டலம் இருக்கிறது. உட்புறத்திற்குக் காற்று எங்கிருந்து வரும்? நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறம் வரை செல்லும் ஒரு குறுகிய குழலின் வழியாக வருகிறது. பெரியவர்களிடம் இதன் நீளம் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். காதுப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு எலும்பாலும், மூக்குப் பக்கம் மூன்றில் இரு பங்கு குருத்தெலும்பாலும் ஆனது. இக்குழல் எப்போதும் திறந்திருப்பதில்லை. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசைகள் இழுக்க, ஒரு கணம் திறந்து மூடிக்கொள்கிறது.

இப்போது மலைப் பயணத்திற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 அடி உயரம் ஏறினால் காற்றழுத்தம் பாதரச அளவில் சுமார் 50 மில்லிமீட்டர் குறைகிறது. குழல் திறக்கவே இல்லை என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த பரப்புள்ள அந்த மெல்லிய சவ்வின்மீது ஏறத்தாழ 50 கிராம் எடையை வைத்தது போல் ஆகும்.

ஏறும்போது தொல்லை குறைவு. உள்ளே மிகுந்துள்ள காற்று, குழலைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படியில்லை. வெளியழுத்தம் கூடும், குழலின் மென்மையான வாய் நசுங்கி மூடும். அதைத் தசைதான் இழுத்துத் திறக்க வேண்டும். சளியால் குழலின் உட்சுவர் வீங்கியிருந்தால் தசையின் இழுப்பு போதாது.

குழல் பல நாட்கள் மூடியே இருந்தால் என்ன ஆகும்? அறையில் அடைபட்ட காற்றைச் சுவரிலுள்ள இரத்தக் குழாய்கள் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கின்றன. அழுத்தம் குறைகிறது, செவிப்பறை உட்புறமாகக் குழிகிறது, சுவரிலிருந்து நீர் கசிந்து அறையில் தேங்குகிறது. முதலில் நீர்த்திருக்கும் இத்திரவம், சிலருக்கு நாளடைவில் பசை போல் கெட்டியாகிறது. சிற்றெலும்புகள் நீரில் நடப்பவரைப் போல் தடுமாறுகின்றன. காது மந்தமாகிறது.

குழலைக் கண்டவர்

பழங்கால கிரேக்கத்தில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்க்மேயன் என்பவர், வெள்ளாடுகள் காதுகளின் வழியாக மூச்சு விடுகின்றன என்று கூறினார். அரிஸ்டாட்டில் இதை மறுத்தார். காதால் ஆடு மூச்சு விடுவதில்லை என்பது உண்மையே. எனினும், காதுக்கும் தொண்டைக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது என்ற எண்ணம் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது என்பதற்கு இது சான்று.

அவ்வழியைத் தெளிவாக விவரித்தவர் ரோம் நகரத்து உடற்கூற்று அறிஞர் பார்த்தொலோமியோ யுஸ்டாக்கி. 1564இல் வெளிவந்த அவருடைய நூலில், குழலின் அமைப்பும் போக்கும் இடம்பெற்றன. மருத்துவர்கள் இவ்வழியை அறிந்துகொண்டால், காதில் தேங்கியவற்றை வெளியேற்றவும் மருந்து செலுத்தவும் பயன்படும் என்றும் அவர் எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் இது யுஸ்டேஷியன் குழல் எனப்படுகிறது. ஆனால் அவர் சொன்ன பயனை அடைய நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் முயலவில்லை.

மூக்கைப் பொத்தி மூச்சை அழுத்து

முயன்றவர் அன்டோனியோ மரியா வால்சால்வா. இத்தாலியின் பொலோனா நகரில் பணிபுரிந்தவர். 1704இல் மனிதச் செவியைப் பற்றி அவர் எழுதிய நூல் பல்லாண்டுகள் பாடநூலாக விளங்கியது. யுஸ்டாக்கியின் பெயரைக் குழலுக்குச் சூட்டியவரும் அவரே. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மூச்சை வெளியே தள்ள முயன்றால், காற்று குழலின் வழியாக நடுச்செவிக்குள் பாயும் என்று அவர் எழுதினார். செவிப்பறையில் துளை விழுந்து சீழ் தங்கிய காதுகளிலிருந்து சீழை வெளியேற்றவே அவர் இதைப் பரிந்துரைத்தார். பின்னால் வந்தவர்கள் அழுத்தத்தைச் சமன் செய்ய இதைப் பயன்படுத்தினர். 'வால்சால்வா முறை' என்று விமானப் பயணிகளுக்கு இன்று கற்பிக்கப்படுவது இதுவே.

நூல் படியாமலே காற்றழுத்தத்தோடு பழகியவர்கள் நம் கடற்கரையில் இருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைத்தான் சொல்கிறோம். தூத்துக்குடி, கீழக்கரை போன்ற ஊர்களின் முத்துக்குளிப்பவர்கள் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை மூழ்கினர். ஒரு பாகம் என்பது ஆறடி. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. மலைப்பாதையில் காது காணும் மாற்றத்தைப்போல் பதினைந்து பங்கு அது. இவ்வளவும் ஒரு நிமிடத்திற்குள் நிகழ்ந்துவிடும்!

இலங்கையின் கொண்டாச்சிக் குடாவில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி ஆங்கிலேயப் படை அதிகாரி இராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். குளிப்பவர் கல்லுடன் கட்டிய கயிற்றைக் காலால் பற்றி, வலக்கையில் மற்றொரு கயிற்றைப் பிடித்து, இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவாராம். மேலே வந்ததும் வாய், மூக்கு, காது ஆகியவற்றிலிருந்து நீரும் இரத்தமும் வருவதுண்டு என்றும் அவர் எழுதினார். மூக்கைப் பொத்திய அந்தக் கை நீர் புகாமல் காத்தது. காதைச் சமன் செய்வதற்கும் அதே நிலைதான் வேண்டும். குழல் திறக்கத் தவறிய நாளில் காதிலிருந்து கசிந்த இரத்தமே அதற்கு அவர்கள் கொடுத்த விலை. நம் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

அஞ்சல் அதிகாரியின் குழாய்

வால்சால்வா முறையில் ஒரு குறை உண்டு. குழல் நன்றாக அடைத்திருப்பவர்களுக்கு, எவ்வளவு அழுத்தினாலும் காற்றுப் புகாது. வெளியிலிருந்து ஒரு குழாயைச் செலுத்தினால் என்ன?

இதைச் செய்து பார்த்தவர் மருத்துவரல்லர்! பிரான்சு நாட்டின் வெர்சேல்ஸ் நகரத்து அஞ்சல் அதிகாரி கியோ என்பவர். அவருக்கே காது மந்தம். வளைந்த ஈயக்கலவைக் குழாய் ஒன்றை வாய் வழியாகச் செலுத்தி, அண்ணத்திற்குப் பின்னால் திருப்பி, குழலின் வாயருகே நீரைப் பீச்சினார். 1724இல் இக்கருவியைப் பாரிஸ் அறிவியற் கழகத்தின் முன் வைத்தார். 1741இல் கிளீலண்ட் என்ற ஆங்கிலேயப் படை மருத்துவர், வாயைவிட மூக்கே நேர்வழி என்று கண்டு, வளையும் வெள்ளிக் குழாயை மூக்கின் வழியாகச் செலுத்தும் முறையை இலண்டன் இராயல் கழகத்திற்குத் தெரிவித்தார்.

அடுத்த நூறாண்டுகள் இக்குழாயின் ஆட்சிதான். தேர்ந்த கையில் அது பயன் தந்தது. தேராத கையில் மூக்கின் உட்புறத்தைக் கிழித்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தடவித் தடவிச் செய்யும் வேலை அது. காற்றை இறுக்கி நிரப்பிய எந்திரத்தைக் குழாயுடன் இணைத்துப் பாய்ச்சவும் சிலர் துணிந்தனர். 1839இல் இலண்டனில் இத்தகைய சிகிச்சையின்போது உயிரிழப்பு நேர்ந்து, பெரும் பரபரப்பை உண்டாக்கியது. காது கேட்க வந்தவர் உயிரையே இழப்பதென்றால், சிகிச்சை நோயைவிடக் கொடியதாகிறது அன்றோ?

கத்தியும் அதன் எல்லையும்

மற்றொரு சாரார் பின்கதவை விட்டு, முன்கதவையே உடைத்தனர். இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், ஒரு மருத்துவ மாணவரை ஆராய்ந்தார். அம்மாணவரின் செவிப்பறைகள் சிதைந்திருந்தும் அவருக்குக் காது கேட்டது. அப்படியானால், குழல் அடைத்தவர்களின் செவிப்பறையில் ஒரு சிறு துளை போட்டால் காற்றுப் புகுமே என்று கூப்பர் எண்ணினார். போட்டார், சிலருக்கு அக்கணமே காது கேட்டது. 1801இல் வெளியான இந்த ஆய்வு அவருக்கு இராயல் கழகத்தின் காப்ளி பதக்கத்தைத் தேடித் தந்தது.

ஆனால் துளை சில நாட்களில் தானே மூடிக்கொண்டது. நரம்புக் கோளாறால் செவிடானவர்களுக்கும் பிறர் கண்மூடித்தனமாகத் துளை போட்டனர், பயன் கிட்டவில்லை. கூப்பரே இம்முறையைக் கைவிட்டார். துளையை மூடாமல் வைத்திருக்கும் சிறு பிளாஸ்டிக் குழாயை அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் 1954இல் வெளியிட்ட பிறகே இம்முறை மறுவாழ்வு பெற்றது. நெடுநாள் நீர் வடியாதவர்களுக்கு இன்றும் அது நல்ல சிகிச்சையே. ஆனால் அது முதற்படி அன்று.

விழுங்கும் கணம்

புதிருக்கு விடை கண்டவர் ஜோசப் டாயின்பீ. இறந்தவர்களின் காதுகளை ஏறத்தாழ 2,000 எண்ணிக்கையில் அறுத்து ஆராய்ந்த பேருழைப்பாளி. குழல் எப்போதும் திறந்திருக்கிறது என்று அதுவரை பலர் கருதினர். அப்படியல்ல, அது மூடியே இருக்கிறது. விழுங்கும்போது மட்டும் தசைகள் அதைத் திறக்கின்றன என்று அவர் 1853இல் இராயல் கழகத்தில் தெரிவித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள். காதில் ஒரு மாற்றம் தெரியும். இது 'டாயின்பீ முறை'.

இந்த அறிஞரின் முடிவு துயரமானது. காதிரைச்சலுக்கு மருந்து தேடிய அவர், குளோரோபாரம் முதலிய ஆவிகளைத் தாமே முகர்ந்து, வால்சால்வா முறையால் நடுச்செவிக்குள் செலுத்திச் சோதித்தார். 1866 ஜூலையில், அச்சோதனையின்போதே அவர் இறந்தார்.

டாயின்பீயின் கண்டுபிடிப்பைச் சிகிச்சையாக மாற்றியவர் ஆடம் பொலிட்ஸர். ஹங்கேரியில் 1835இல் பிறந்து, வியன்னாவில் பணிபுரிந்தவர். அவருடைய சிந்தனை மிக எளிது. விழுங்கும்போது குழல் தானே திறக்கிறது. அப்படியானால் அந்தக் கணத்தில் மூக்கிலிருந்து மெல்லக் காற்றைத் தள்ளினால் போதாதா? உள்ளே குழாய் எதற்கு?

1863இல் அவர் வெளியிட்ட முறை இது. நோயாளி வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொள்வார். பேரிக்காய் வடிவ இரப்பர்ப் பையின் முனையை ஒரு மூக்குத் துளையில் மருத்துவர் வைத்து, மற்றத் துளையைப் பொத்துவார். 'விழுங்குங்கள்' என்றதும் நோயாளி விழுங்குவார்; அதே கணத்தில் மருத்துவர் பையை அழுத்துவார். மேலண்ணம் எழுந்து தொண்டைப் பக்கத்தை மூடிவிடுவதால், காற்று திறந்திருக்கும் குழல் வழியே காதுக்குள் செல்லும். வலியில்லை, இரத்தமில்லை. கிராமத்து மருத்துவரும் கையாளலாம்.

வால்சால்வா காற்றை மட்டும் நம்பினார். டாயின்பீ தசையை மட்டும் கண்டார். இரண்டையும் ஒரே கணத்தில் சேர்த்ததே பொலிட்ஸரின் அறிவுக்கூர்மை. வியன்னாவில் 1873இல் தொடங்கிய காது மருத்துவப் பிரிவை, குரூபர் என்பவருடன் அவர் நடத்தினார். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அவரை நாடி வந்தனர். குழாய் செலுத்தும் வழக்கம் மெல்லத் தேய்ந்தது.

விமானமும் பலூனும்

இருபதாம் நூற்றாண்டில் இப்பிரச்சினை வானத்திற்குச் சென்றது. செங்குத்தாகப் பாயும் போர் விமானங்களின் ஓட்டிகளுக்கு ஒரு கையால் மூக்கைப் பொத்தி மூச்சை அழுத்த நேரம் கிடையாது. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் ஃபிரென்சல், நாக்கின் அடிப்பகுதியையே உந்து தண்டு போல் பயன்படுத்திக் காற்றைத் தள்ளும் வழியைக் கற்பித்தார். மூச்சடக்கி மூழ்குபவர்கள் இன்று பெரிதும் கையாள்வது இதுவே.

நடுச்செவியில் நீர் இருக்கிறதா என்பதை ஊசி குத்தாமல் அறியும் வழியும் பிறந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ மெட்ஸ் 1946இல் தொடங்கிய ஆய்வை, அந்நாட்டவரான டெர்கில்ட்சன் பின்னர் வளர்த்தார். காதுத் துளையில் காற்றழுத்தத்தை மாற்றி ஒலியைச் செலுத்தி, செவிப்பறை எவ்வளவு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பதே இம்முறை. உள்ளே காற்றிருந்தால் வரைபடத்தில் மலை போன்ற முகடு தோன்றும். நீரிருந்தால் கோடு தட்டையாகிவிடும்.

பொலிட்ஸரின் பையும் புது வடிவங்கள் பெற்றது. டென்மார்க்கின் ஸ்டாங்கரூப்பும் அவருடைய குழுவினரும் 1992இல், மூக்கால் ஊதும் சிறு பலூனைக் குழந்தைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். மின்கலத்தால் இயங்கும் கைக்கருவிகளும் வந்தன. 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வு குறிப்பிடத்தக்கது. நடுச்செவியில் நீர் கட்டிய 4 முதல் 11 வயதுள்ள 320 குழந்தைகளில் ஒரு பாதியினர் நாள்தோறும் மூன்று முறை பலூன் ஊதினர். மறுபாதியினர் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றனர். மூன்று மாத முடிவில், ஊதியவர்களில் 100க்கு ஏறத்தாழ 50 பேருக்கும், ஊதாதவர்களில் 38 பேருக்கும் செவி சரியாயிருந்தது. பலன் உண்டு, ஆனால் மாயமில்லை. ஊதாதவர்களிலும் பலர் தாமாகவே குணமடைந்ததைக் கவனியுங்கள். பெரியவர்களிடம் இவ்வளவு பெரிய ஆய்வுகள் குறைவு.

வரலாறு தரும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நைனார்பாளையத்தில் வாழும் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடியவை என்ன?

ஒன்று: எண்ணெய் பயன் தராது. செவிப்பறை முழுமையாக இருந்தால் எண்ணெய் நடுச்செவியை எட்டாது. துளை இருந்தால் எட்டும். ஆனால் தீங்கு செய்யும். குச்சியும் ஊக்கும் செவிப்பறையைக் கிழிக்கவல்லவை.

இரண்டு: சளிக்குப் பின் காதில் தேங்கும் நீர், பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். அதுவரை விழுங்குதல், மெல்லுதல், கொட்டாவி, மெதுவான வால்சால்வா முறை ஆகியவை உதவும். மலையிறங்கும்போது காது வலிக்கத் தொடங்குமுன்பே அடிக்கடி விழுங்க வேண்டும். மூச்சைப் பலங்கொண்டு அழுத்தக் கூடாது. உட்செவியின் மெல்லிய சவ்வு கிழியக்கூடும். காதில் சீழோ கடும் வலியோ இருக்கும்போது ஊதக் கூடாது. பீடி, சிகரெட் புகை குழலின் உட்சுவரைக் கெடுப்பதால் அதை விடுவதும் சிகிச்சையே.

மூன்று, மிக முக்கியமானது: எல்லா அடைப்பும் ஒன்றல்ல. பெரியவர் ஒருவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் கட்டிப் பல வாரங்கள் நீங்காவிட்டால், மூக்கின் பின்புறத்தை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். குழலின் வாயை அங்கு வளரும் கட்டி ஒன்று அழுத்தியிருக்கலாம். அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம். காலையில் எழும்போது திடீரென ஒரு காது கேளாமல் போனால், அது அடைப்பு என்று காத்திருக்கக் கூடாது. நரம்பு தாக்கப்பட்டிருந்தால் முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சையே பெரிதும் பலன் தரும்.

இரண்டையும் வேறுபடுத்த எளிய சோதனை ஒன்றுண்டு. வாயை மூடி 'ம்' என்று நீளமாக முனகிப் பாருங்கள். அடைத்த காதிலேயே ஓசை ஓங்கிக் கேட்டால் பெரும்பாலும் அது நடுச்செவியின் அடைப்பு. நல்ல காதில் ஓங்கிக் கேட்டால் நரம்பின் கோளாறாக இருக்கலாம். இசைக்கவையை நெற்றியில் வைத்து மருத்துவர் செய்யும் சோதனையின் தத்துவமும் இதுவே. இச்சோதனை மருத்துவருக்கு மாற்று அன்று. அவரிடம் எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. காதைச் சோதித்துப் பார்க்கச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போகவேண்டும் என்ற நிலை இப்போது இல்லை.

வெள்ளிக் குழாய் வந்தது, கத்தி வந்தது, காற்றெந்திரம் வந்தது. இவை ஒவ்வொன்றும் உடலை வெல்ல முயன்றன. பொலிட்ஸரோ, உடல் தானாகவே கதவைத் திறக்கும் கணத்திற்காகக் காத்திருந்தார். ஒரு மடக்குத் தண்ணீரும் ஒரு கைப்பிடிக் காற்றும் அவருக்குப் போதுமாயிருந்தன.